பாப்பாவுக்கு, அந்தக் கொட்டேஷன் விஷயமாக

கடலூர், மஞ்சக்குப்பம்

அன்புள்ள பாப்பா,

வீட்டு பிளான் போடுகிற உங்கள் புது ஆபீசுக்குக் கம்ப்யூட்டரும் சாஃப்ட்வேரும் வாங்க வந்த கொட்டேஷனை நீ வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாயே, பார்த்தேன். சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் காசு கொடுத்தே வாங்கிவிடலாம் என்கிறார் மாப்பிள்ளை. கோடு எல்லோருக்கும் திறந்திருக்கிற, சும்மா கிடைக்கிற ஓப்பன் சோர்ஸே போதும் என்கிறாய் நீ. நடுவில் அம்மா பஞ்சாயத்து பண்ண வேண்டுமாம். சரி, பண்ணுகிறேன். ஆனால் இரண்டு பேருமே கவனிக்காத வரி ஒன்று அதில் கடைசியில் இருக்கிறது: ‘தேவையான சாஃப்ட்வேர் அனைத்தும் போட்டுத் தரப்படும்’. அதற்குத் தனி விலை போடவில்லை. இத்தனை வருஷமாக டிடிபி சென்டர் நடத்துகிறவளுக்கு இது புரியாதா? கிராக் காப்பி, அதாவது லைசன்ஸ் பூட்டை உடைத்த திருட்டுக் காப்பி.

நீங்கள் சண்டை போட்டுக்கொள்கிற இரண்டு வகையையும்விட நம் ஊர்க் கடைகளில் அதிகம் ஓடுவது அதுதான். கிராக் போட்டுத் தருகிறவர் முதல் வேலையாக அப்டேட்டை நிறுத்திவைப்பார். 2017 மே மாதம் வான்னாக்ரை என்கிற வைரஸ் உலகம் முழுக்க கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டதே, அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. போடாமல் விட்ட மெஷின்கள் மாட்டிக்கொண்டன. உன் கிளையன்ட்டுடைய வீட்டு பிளான் எல்லாம் அப்படிப் பூட்டிக்கொண்டால் யாரிடம் போய்க் கேட்பாய்? அந்த வரியை அடித்துவிட்டு, ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் பெயரும் லைசன்ஸும் எழுதிக் கேள்.

அப்புறம், காசு கொடுத்து வாங்கினால் கவலையே இல்லை என்கிறாரே மாப்பிள்ளை, அவருக்கு நம் கடைக் கதையைச் சொல். தானே புயல் அடித்தது 2011 டிசம்பர் 30. கடைக் கூரை ஷீட் பறந்து மெஷின் முழுக்க நனைந்துவிட்டது. ஹார்ட் டிஸ்க் பிழைத்தது. பிழைக்காதது டாங்கிள். பிரிண்டர் கேபிள் மாட்டுகிற இடத்தில் செருகியிருக்குமே, தீப்பெட்டி அளவில் ஒரு கட்டை, அதுதான். தமிழ் டைப் அடிக்கிற சாஃப்ட்வேர் அது செருகியிருந்தால்தான் திறக்கும். அதன் ஊசிகள் எல்லாம் பச்சை பூத்துக் கிடந்தன. விற்ற கம்பெனிக்குப் போன் போட்டால் அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை. ஃபைல் அத்தனையும் டிஸ்கில் பத்திரமாக இருக்கிறது. வேறு எதில் திறந்தாலும் தமிழ் வராமல் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டியது. யூனிகோடு என்கிற பொது எழுத்துமுறைக்கு முந்தைய ஃபான்ட்கள் அப்படித்தான், ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழை உட்கார வைத்திருப்பார்கள்; எந்த எழுத்து எங்கே என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு பள்ளிக்கூடத்து ஆண்டு மலரை முதல் பக்கத்திலிருந்து மறுபடி அடித்தோம். ரசீதோடு வாங்கிய சாஃப்ட்வேர் அது.

இதோடு, கடிதம் அடிக்கவும் கணக்குப் போடவும் ஓப்பன் சோர்ஸில் கிடைக்கிற லிப்ரே ஆபீஸை வைத்துப் பார். அதற்கு முன்னோடியான ஓப்பன் ஆபீஸ் சன் கம்பெனியிடம் இருந்தது. 2010-இல் சன்னை ஆரக்கிள் வாங்கியது. இனி என்ன ஆகுமோ என்று பயந்த புரோகிராமர்கள் அதே வருஷம் அதன் சோர்ஸ் கோடு முழுவதையும் எடுத்துக்கொண்டு தனியாக வந்து லிப்ரே ஆபீஸ் என்று பெயர் வைத்தார்கள். லைசன்ஸ் இடம் கொடுத்ததால் யாரும் தடுக்க முடியவில்லை. பழைய ஃபைல்கள் பாட்டுக்குத் திறந்தன. முதலாளி மாறினாலும் நம் ஃபைல் நம்மிடமே இருக்குமா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன், விலையை அப்புறம்தான்.

அதற்காக எல்லாவற்றையும் ஓப்பன் சோர்ஸாகப் போடு என்று சொல்லமாட்டேன். பிளான் வரைகிற ஆட்டோகேடை வாங்கித்தான் ஆகவேண்டும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரும் கான்ட்ராக்டரும் ஆட்டோகேடின் டிடபிள்யூஜி ஃபைலாகத்தான் அனுப்புவார்கள், ஓப்பன் சோர்ஸான லிப்ரேகேட் அதில் தடுமாறும். ஒரு தடவை வாங்கி வைத்துக்கொள்கிற லைசன்ஸை அதன் கம்பெனியான ஆட்டோடெஸ்க் 2016-இலேயே நிறுத்திவிட்டது, இப்போது சந்தாதான். எனவே எல்லா மெஷினுக்கும் வேண்டாம், வரைகிறவர்களுக்கு மட்டும் எடு. முடிந்த வேலையை, மற்ற சாஃப்ட்வேரிலும் திறக்கிற டிஎக்ஸ்எஃப் ஆகவும் பிடிஎஃப் ஆகவும் ஒரு காப்பி போட்டு வை. அக்கவுன்ட்ஸுக்கு உன் ஆடிட்டர் டேலியைக் கேட்டால் மறுபேச்சு பேசாமல் வாங்கிவிடு. அவரிடம் கொள்கை பேசிக்கொண்டிருந்தால் ஜிஎஸ்டி தேதி போய்விடும்.

சர்வே வேலைக்கு மட்டும் நீ சொல்வதுதான் சரி. கிராம வரைபடத்தின் மேல் எஃப்எம்பி என்கிற நில அளவை ஸ்கெட்சை உட்கார வைக்கவும், சாட்டிலைட் படத்தோடு ஒப்பிடவும் கியூஜிஐஎஸ் என்கிற ஓப்பன் சோர்ஸ் மேப் சாஃப்ட்வேர் தாராளம். கடிதத்துக்கும் எஸ்டிமேட்டுக்கும் லிப்ரே ஆபீஸ். ரிசப்ஷனுக்கு நம் வீட்டுப் பழைய மெஷினை எடுத்துப் போ. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு சப்போர்ட் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 அதில் ஏறாது. விண்டோஸுக்குப் பதில் ஓப்பன் சோர்ஸான லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறேன், நன்றாக ஓடுகிறது.

கோடு திறந்து கிடந்தாலே பத்திரம் என்றும் நினைத்துவிடாதே. 2024 மார்ச்சில் ஃபைலைச் சுருக்குகிற எக்ஸ்இசட் என்கிற சின்ன ஓப்பன் சோர்ஸ் கருவிக்குள் திருட்டு வழி வைத்திருந்தது தெரியவந்தது. பராமரிக்க உதவுகிறேன் என்று சேர்ந்து, மெள்ள மெள்ள நம்பிக்கை சம்பாதித்த ஒருவர் செய்த வேலை. லாகின் ஆக அரை விநாடி கூடுதலாகிறதே என்று தோண்டிப் பார்த்துக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட். அவர் மைக்ரோசாஃப்ட்டில் வேலை பார்ப்பவர் என்பது இன்னொரு கூத்து. எதைப் போட்டாலும் அப்டேட் பார்க்க, பேக்கப் எடுக்க ஆபீசில் ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். சும்மா கிடைத்ததில் மிச்சமாகும் பணத்தில் அவருக்குப் பயிற்சி கொடு. கொஞ்சம் கியூஜிஐஎஸ்காரர்களுக்கும் நன்கொடையாக அனுப்பு.

மறந்துவிட்டேன். வாங்குகிற லைசன்ஸை உன் சொந்த மெயிலிலும் வாங்காதே, மாப்பிள்ளை மெயிலிலும் வாங்காதே. ஆபீஸ் பெயரில் ஒரு மெயில் திறந்து அதில் வாங்கு. பாஸ்வேர்டு இரண்டு பேரிடமும் இருக்கட்டும். திருத்திய கொட்டேஷன் வந்ததும் எனக்கும் ஒரு காப்பி அனுப்பு.

அன்புடன்,
அம்மா