பால்கனி விளக்கும் அவரைக் கொடியும்

லால்குடி,
கார்த்திகை 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று அவசரப்படுகிறாய், எனக்கும் சொல்ல வந்ததில் பாதி விட்டுப்போகிறது. இது நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம். உன் அவரைக் கொடியைப் பற்றித்தான்.

நீயும் நானும் ஆடிப்பெருக்கு அன்று ஒரே விதையைத்தான் ஊன்றினோம். அப்பாயி காலத்திலிருந்து நம் கொல்லையில் இருக்கிற பட்டை அவரை. இங்கே ஐப்பசி பாதியிலேயே கொத்து விட்டு, இப்போது பிஞ்சு தொங்குகிறது. உன்னுடையது கிரில் கம்பி முழுக்க ஏறி, மேல் வீட்டுப் பால்கனியைத் தொடுகிறது, ஒரு பூ இல்லை. பக்கத்தில் இருக்கிற செவ்வந்தியும் முழங்கால் உயரம் வளர்ந்து மொட்டு வைக்காமல் நிற்கிறது. உரக்கடையில் கொடுத்த டானிக்கை இரண்டு தடவை அடித்தும் பலனில்லை, "என் கை ராசி அவ்வளவுதான்" என்றாய். அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. 3 மாதத்தில் ஒரு கொடியை எட்டாவது மாடியில் அவ்வளவு உயரம் வளர்த்த கைக்கு என்ன குறை?

முதலில் நானும் உரம் கூடிப்போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். தழைச்சத்து மிஞ்சினால் அவரை இலையாகவே போகும். ஆனால் நீ போட்டது மாதம் ஒரு பிடி மண்புழு உரம், கொஞ்சம் ஊறவைத்த கடலைப் புண்ணாக்குத் தண்ணீர். அது அதிகமில்லை. வெயில் போதவில்லையோ என்றால், காலை ஆறரையிலிருந்து பதினொன்று வரை நேர் வெயில் விழுகிறது என்கிறாய். அதுவும் போதும். அப்புறம் போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வீடியோவில் பால்கனியில் நின்று பேசினாய் பார், அப்போதுதான் கவனித்தேன். உன் முகத்துக்குப் பின்னால் கொடி. கொடிக்கு மேலே ஒரு முழம் தள்ளி வெள்ளை எல்.இ.டி. விளக்கு. ராத்திரி முழுக்க எரியுமா என்று கேட்டேன். "ஆமாம்மா, தனியா இருக்கேன்ல. அது எரிஞ்சாத்தான் தூக்கம் வருது" என்றாய்.

நான் பேச்சை மாற்றிவிட்டேன். ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

அப்பா போன அந்த வருஷம் நான் கொல்லை விளக்கை அணைக்கவே இல்லை. உனக்குத் தெரியாது, நீ பதினாறாம் நாள் முடிந்து சென்னைக்குப் போய்விட்டாய். பயம் என்று சொல்ல முடியாது. அடுக்களைச் சன்னலில் நின்று பார்த்தால் கொல்லை இருட்டாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அவர் ராத்திரி எழுந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போகும்போது போட்டுக்கொள்கிற விளக்கு அது. ஆடியிலிருந்து மார்கழி வரை ஒரு ராத்திரி விடாமல் எரிந்தது. அந்த வருஷமும் வழக்கம் போல இரண்டு குழி அவரை போட்டிருந்தேன். ஒன்று கிணற்றடிப் பந்தலில், விளக்குக்கு நேர் கீழே. இன்னொன்று மாட்டுக்கொட்டகைக்குப் பின்பக்க வேலியில். வேலிக் கொடி கார்த்திகையில் பூத்துக் கொட்டியது. பந்தல் கொடியில் இலை, இலை, இலை. எதிர்வீட்டு அத்தை வந்து பார்த்துவிட்டு, "வீட்டில் துக்கம், கொடிக்கும் தெரிகிறது" என்றார்கள். நானும் அதை நம்பினேன். அழக்கூட அழுதேன்.

28 வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்தியவள் நான். ஒளிக்காலத்துவம், அதாவது பகல், இரவின் நீளத்தைப் பார்த்துச் செடி பூப்பது, அந்தப் பாடத்தை ஒவ்வொரு வருஷமும் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். மார்கழி பிறந்து ஒரு விடியற்காலையில் கோலம் போட எழுந்து கொல்லைக் கதவைத் திறந்தபோது, அந்த மஞ்சள் வெளிச்சம் பந்தல் மேல் விழுந்து கிடந்ததைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது.

அவரை குறும்பகல் தாவரம். நம் நாட்டு அவரை, சிறகவரை, செவ்வந்தி எல்லாம் அந்த வகை. பகல் சுருங்கி இரவு நீளும்போதுதான் பூக்கும். உன் ஊரில் ஆனி மாதம் பகல் ஏறக்குறைய 12 மணி 50 நிமிடம் இருக்கும். மார்கழித் தொடக்கத்தில் 11 மணி 20 நிமிடம். ஒன்றரை மணி நேர வித்தியாசம், நமக்குச் சட்டென்று தெரிவதுகூட இல்லை. கொடிக்குத் தெரிகிறது. ஆடியில் போட்டால் ஐப்பசி வரை வளர்ந்துகொள்ளும். இரவு போதுமான அளவு நீண்டதும் பூக்கும், பொங்கலுக்குக் காய் குவியும். நம் பொங்கல் குழம்பில் பரங்கி, மொச்சை, சேனையோடு அவரையும் சேருவது அதனால்தான். சித்திரையில் கொண்டுபோய்ப் போட்டால் வருஷத்தில் பாதி நாள் சும்மா படர்ந்துகொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடித்த கதை எனக்கு நடத்தப் பிடித்த கதை. வாஷிங்டனுக்குப் பக்கத்தில் ஆர்லிங்டன் என்ற இடத்தில் அரசுப் பண்ணை ஒன்று இருந்தது. அங்கே கார்னர், அல்லார்டு என்று இரண்டு பேர். அவர்களிடம் மேரிலேண்ட் மாமத் என்ற புகையிலை ரகம் இருந்தது. வயலில் ஆள் உயரத்துக்கு மேலே வளரும், பூக்காது. அதையே குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் வைத்தால் சின்னச் செடியாகவே பூத்துவிடும். சூடு, ஈரம், உரம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள், விடை கிடைக்கவில்லை. கடைசியில் 1918-ஆம் வருஷக் கோடையில் சில தொட்டிகளைப் பிற்பகலிலேயே இருட்டுக் கொட்டகைக்குள் வைத்து, மறுநாள் காலை வெளியே எடுத்தார்கள். தினமும் அப்படி. அந்தத் தொட்டிகள் மட்டும் நடுக்கோடையில் பூத்தன. 1920-இல் அதை வெளியிட்டார்கள். அப்புறம் 1938-இல் ஹாம்னர், பானர் என்ற இருவர் மருளூமத்தைச் செடியை வைத்து அடுத்த படியைச் சொன்னார்கள். நம் ஊர் ரோட்டோரத்தில் பாவாடையில் ஒட்டிக்கொள்ளுமே, முள்ளுக் காய், அதே செடிதான். நீண்ட இரவின் நடுவில் ஒரு நிமிடம் வெளிச்சம் காட்டினாலே போதும், அது பூக்காமல் நின்றுவிட்டது. பகல் அளவு என்று பெயர் வைத்திருந்தாலும் செடி எண்ணுவது இரவைத்தான், அதுவும் இடையில் அறுபடாத இரவை. இலையில் இருக்கிற ஃபைட்டோகுரோம் என்ற நிறமிதான் வெளிச்சம் பட்டதா இல்லையா என்று சொல்கிறது. இலை உணர்ந்து சேதி அனுப்ப, நுனியில் மொட்டு கட்டுகிறது.

பூ வியாபாரத்துக்குச் செவ்வந்தி வளர்ப்பவர்கள் இதையே திருப்பிப் பயன்படுத்துகிறார்கள். பசுமைக்குடிலில் நடுராத்திரி சில மணி நேரம் பல்பைப் போட்டு வைப்பார்கள். செடி மொட்டு வைக்காமல் தண்டு நீளமாக வளரும். வேண்டிய உயரம் வந்ததும் விளக்கை நிறுத்திவிட்டு, பகல் நீளமான மாதமானால் சாயங்காலமே கறுப்புத் துணியை இழுத்துவிடுவார்கள். உன் செவ்வந்தியும் அந்தப் பல்பின் கீழே இருக்கிற மாதிரிதான் நிற்கிறது. டானிக் என்ன செய்யும், பாவம்?

இப்போது என்ன செய்வது என்று சொல்கிறேன். விளக்கை அணை என்று நான் சொல்லப்போவதில்லை. நானே அணைக்கவில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, கிணற்றடியில் இருந்த பல்பைக் கழற்றி அடுக்களைச் சன்னலுக்கு உள்பக்கம் மாட்டச் சொன்னேன். வெளிச்சம் எனக்குக் கிடைக்கிறது, பந்தலுக்கு இருட்டு கிடைக்கிறது. அந்த வருஷம் பந்தல் கொடி தை கடைசியில் பூத்து, மாசியில் காய்த்தது. அப்பாவின் திதிக்கு அந்தக் காயைத்தான் பொரியல் செய்தேன்.

நீயும் அப்படியே செய். பால்கனி விளக்கை நிறுத்திவிட்டு, ஹாலில் பால்கனிக் கதவை ஒட்டி ஒரு விளக்கு வைத்துக்கொள். கனமான திரைச்சீலையை ஒரு ஓரத்தில் மட்டும் விட்டு மிச்சத்தை மூடிவிட்டால், வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு வீட்டில் ஆள் இருப்பது தெரியும். கொடி மேல் வெளிச்சம் விழாது. கிரில் முழுக்கப் படர்ந்த கொடியைத் துணி போட்டு மூட முடியாது, அதனால் வேறு வழியில்லை. ஆனால் செவ்வந்தித் தொட்டி இரண்டையும் துணி துவைக்கிற பக்கத்துச் சின்ன பால்கனிக்கு மாற்றிவிடு. அங்கே வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று மட்டும் பார்த்துச் சொல். விழவில்லை என்றால் தொட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும், சாயங்காலம் ஆறு மணிக்குப் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து மூடி, காலை ஏழு மணிக்கு எடு. ஆபீஸிலிருந்து வரத் தாமதமானால் வேலைக்கு வருகிற அக்காவிடம் சொல்லி வை. ஒரு நாள் மூடி, ஒரு நாள் விட்டால் பலன் இருக்காது.

நிலா வெளிச்சம் படுமே என்று கேட்பாய். வெளிச்சத்தை அளக்கிற லக்ஸ் கணக்கில் பௌர்ணமி நிலாவே கால் லக்ஸ் அளவுதான், அது ஒன்றும் செய்யாது. கார்த்திகை தீபத்தன்று பால்கனியில் அகல் ஏற்றி வை, நடுராத்திரியில் இல்லாமல் சாயங்காலம் ஒரு மணி நேரம் எரிகிற விளக்குக்குக் கொடி கோபித்துக்கொள்ளாது. செவ்வந்தி இன்றைக்கு இருட்டுக்குள் போனால் பூக்க எட்டு, பத்து வாரம் ஆகும். பொங்கலுக்கு இல்லாவிட்டாலும் தைக்குள் பார்த்துவிடலாம். பூத்து ஓய்ந்த பிறகு அடியில் வரும் பக்கக் கன்றுகளைப் பிரித்து நடு. கன்று நட்டு ஒரு மாதம் ஆனதும் நுனியைக் கிள்ளிவிடு, நன்றாகக் கிளைக்கும்.

தக்காளி, கத்தரி, மிளகாய்த் தொட்டிகளை அந்த விளக்குப் பக்கமே விட்டுவிடு. அவற்றுக்கு இந்தக் கணக்கு கிடையாது. மல்லிகையை மட்டும் இந்த மாதக் கடைசியில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடு. வெட்டின இடத்திலிருந்து வருகிற புதுத் தளிரில்தான் பங்குனி, சித்திரையில் பூ. போன வருஷம் பாவம் பார்த்து வெட்டாமல் விட்டாய், எத்தனை பூ வந்தது என்று நினைத்துப் பார்.

கொரியரில் ஒரு பொட்டலம் வரும். மஞ்சள் தாளில் மடித்திருப்பது குத்து அவரை, அர்கா ஜெய் என்ற ரகம். பகல் நீளம் அதற்கு ஒரு பொருட்டில்லை, கொடியாகவும் படராது, எந்த மாதமும் போடலாம். தக்காளி எடுத்த காலிப் பைகளில் பைக்கு இரண்டு விதை ஊன்று. வெள்ளைத் தாளில் இருப்பது நம் பட்டை அவரை, அடுத்த ஆடிக்கு. அதற்குள் எடுத்து ஊன்றிவிடாதே.

ஒரு சின்ன டப்பாவில் சலித்த அடுப்புச் சாம்பலும் வைத்திருக்கிறேன். உன் கொடி பூ விட்டதும் கொத்துத் தண்டில் கறுப்பாக அசுவினிப் பூச்சி வரும், எறும்பு ஏறுவதைப் பார்த்தாலே கண்டுபிடிக்கலாம். விடியற்காலையில் பனி ஈரம் இருக்கும்போதே தண்டின் மேல் லேசாகத் தூவு. பூச்சி மிஞ்சிப்போயிருந்தால் அந்தக் கொத்தைக் கிள்ளி எறிந்துவிடு.

அன்புடன்,
அம்மா