நெடுந்தீவுக் கடலும் உன் குருதிப் பெட்டியும்

அன்பின் ரவி,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம், அம்மாவின் முழங்கால் நோ மட்டும் இன்னும் விடவில்லை. விபத்தில் அடிபட்ட பெடியனுக்கு ஹெலி அம்புலன்சில் வைத்தே இரண்டு பை குருதி ஏற்றினோம் என்று நீ எழுதிய இடத்தை மூன்று தரம் வாசித்தேன் மச்சான்.

நாங்கள் கம்பஸில் படித்த காலத்தில் இரத்தப்போக்கு என்றால் இரண்டு கையிலும் பெரிய ஊசி, சேலைனை ஓட விடு, ஆஸ்பத்திரிக்கு ஓடு, அவ்வளவுதான். உப்புத் தண்ணீர் ஒட்சிசனைக் காவாது, மிச்சமிருக்கும் குருதியையும் ஐதாக்கி உறைய விடாது, உடம்பைக் குளிரவும் பண்ணும் என்பதெல்லாம் பிறகுதான் விளங்கியது. 2012 இல் லண்டன் ஹெலி செங்குழியப் பைகளைக் காவத் தொடங்கியபோது, இது பணக்கார நாட்டு வேலை என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. 2022 இல் வந்த உங்கள் பிரித்தானியாவின் ரெஃபில் ஆய்வால் சேலைனை விடச் செங்குழியமும் பிளாஸ்மாவும் (குழியங்கள் நீக்கிய குருதித் திரவம்) மேல் என்று காட்ட முடியவில்லை, சரி. ஆனால் 2018 இல் அமெரிக்க ஹெலிகளில் 501 பேரை வைத்துச் செய்த ஆய்வில், பிளாஸ்மா பெற்றவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 23, பெறாதவர்களில் 33. பிறகு இதையும் இன்னோர் ஆய்வையும் சேர்த்துக் கணக்கைப் பிரித்துப் பார்த்தால், பயணம் 20 நிமிடத்தைத் தாண்டியவர்களுக்குத்தான் அது கைகொடுத்திருக்கிறது.

20 நிமிடம்! நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்குக் கடலிலேயே ஒரு மணித்தியாலம், பிறகு புங்குடுதீவு, வேலணை தாண்டி யாழ்ப்பாணம் வர இன்னொன்று.

போன மாரியில் ஒரு தீவிலிருந்து, பிள்ளை பெற்ற கையோடு ஒரு தங்கச்சியைப் படகில் கொண்டுவந்தார்கள். ஹெலி பறக்கக்கூடிய வானமில்லை. உதடு சுண்ணாம்பு மாதிரி, கையைத் தொட்டால் மீன்பெட்டி ஐஸ். "தண்ணி தாங்கோ டொக்டர், தண்ணி தாங்கோ" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். யாருக்கும் அவசரத்தில் ஏற்றக்கூடிய ஓ நெகட்டிவ் குருதியில் இரண்டாவது பை இறங்கிய பிறகுதான் மணிக்கட்டில் நாடி தட்டுப்பட்டது. பிழைத்துவிட்டாள், ஆனால் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்தது. வயது 22. அந்த இரண்டு பையும் இறங்குதுறையிலேயே காத்திருந்திருந்தால் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

அதனால் எனக்கு விபரமாக எழுது. உங்கள் குருதிப் பெட்டி எங்கள் வெயிலில் 2 முதல் 6 பாகைக்குள் எவ்வளவு நேரம் நிற்கும்? குருதியைச் சூடாக்கும் கருவி பற்றரியில் எத்தனை பைக்குத் தாங்கும்? பையில் குருதி உறையாமலிருக்கச் சேர்க்கும் சிற்றேற்று உடம்பின் கல்சியத்தை இழுத்துவிடும் என்பதால் முதல் பையோடேயே கல்சியம் போடுகிறீர்களா? அந்த இரைச்சலுக்குள் பையின் இலக்கத்தை இரண்டு பேர் எப்படிச் சரிபார்க்கிறீர்கள், ஏற்றுமுன் பொருத்தம் பார்க்க நோயாளியின் குருதி மாதிரி எடுத்துவைக்க நேரம் கிடைக்கிறதா? பயன்படாத பை பழுதாகாமல் திரும்பிவருவதுதான் எனக்குப் பெரிய கவலை. எங்கள் ஆட்களில் நெகட்டிவ்காரர் மிகக் குறைவு, யாரோ மனமுவந்து சும்மா தந்தது, ஒரு பையைக்கூட வெயிலில் விட்டுவிட்டு வர முடியாது.

நல்லூர்த் திருவிழாவுக்கு வருவாய்தானே? வரும்போது வெற்றுப் பெட்டி ஒன்றும் வெப்பநிலை பதியும் கருவியும் கொண்டு வா. ஒரு நாள் குறிகட்டுவானில் படகேறி, பைகளில் தண்ணீரை நிரப்பி, நெடுந்தீவுக்குப் போய்த் திரும்பிப் பார்ப்போம்.

அன்புடன்,
குகன்