மோட்டார் சத்தம்

அன்புள்ள கண்ணம்மா,

போன வாரம் நீ பேசிக்கொண்டிருக்கும்போது கதவு படாரென்று அடித்ததும் நான் அலறிப் போனை வைத்துவிட்டேன். காற்று என்று பிறகு சொன்னேன். காற்றுதான். ஆனால் நான் அலறியதற்குக் காரணம் வேறு. நீ அங்கே தூங்காமல் தவிப்பாய் என்று நானும் அப்பாவும் இரண்டு மாதமாக மறைத்துவிட்டோம். கோபப்படாமல் படி.

உனக்கு சைக்கிள் பிடித்துவிட்ட அடுத்த வீட்டு அண்ணனுக்கு மனச்சிதைவு நோய் இருப்பது உனக்குத் தெரியும். குணமாகிவிட்டது, இனி எதற்கு என்று மாத்திரையை அவனே நிறுத்தியிருக்கிறான். சில மாதங்களில் நோய் திரும்பிவிட்டது. நம் மோட்டார் ஓடும்போதெல்லாம் அதற்குள்ளிருந்து நாம் அவனைத் திட்டுவதாக அவனுக்குக் கேட்டிருக்கிறது. சுவரில் ஓங்கி இடிப்பான். நான் ஓடிப்போய், "நாங்க உன்னைப் பத்திப் பேசவே இல்லப்பா" என்பேன். சொல்லச் சொல்ல அவன் முகம் இறுகும். அவன் காதில் நிஜமாகவே விழுகிற குரலை நான் இல்லை என்றால், மறைக்கிறேன் என்றுதானே நினைப்பான்?

ஒருநாள் இரவு இரண்டரை மணிக்குக் கம்பியால் உன் அறை ஜன்னலை அடித்து நொறுக்கிவிட்டான். வெளியே நின்று "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று அழுதான். அப்பா காலில் கண்ணாடி கிழித்து மூன்று தையல். போலீசைக் கூப்பிட்டேன். "அவனுக்கு உடம்பு சரியில்லை, பயந்து போயிருக்கிறான், அடிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்" என்றுதான் முதலில் சொன்னேன். கூப்பிட்டதற்கு நான் வருந்தவில்லை. இன்னும் முன்னாலேயே அவன் அம்மாவிடம் உட்கார்ந்து பேசாததற்குத்தான் வருந்துகிறேன். அவன் சுவரில் இடித்த நாட்களை நான் காலண்டரில் குறித்து வைத்திருந்தேன். அதை அவர்கள் டாக்டரிடம் கொண்டுபோனபோது, எப்போதிலிருந்து முற்றியது என்று அவருக்குப் புரிந்ததாம்.

அவன் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் எனக்கு ஆரம்பித்தது. இரண்டரைக்கு டாண் என்று விழிப்பு வந்துவிடும். உன் அறைப் பக்கமே போகமாட்டேன். அப்பா தாழ்ப்பாளை மூன்று தடவை பார்ப்பார், பிறகு நான் ஒரு தடவை பார்ப்பேன். பதினைந்து நாள் கழித்துப் பெருக்கும்போது உன் கட்டிலுக்கடியிலிருந்து நகம் அளவு கண்ணாடித் துண்டு ஒன்று வந்தது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு மாதம் தாண்டியும் தணியாததால் மனநல ஆலோசகரிடம் போனேன். இப்படி ஒரு அதிர்ச்சிக்குப் பிறகு உடம்பு காவலிலேயே நிற்குமாம். பெரும்பாலானவர்களுக்குத் தானே தணிந்துவிடும், ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் சிகிச்சை எடுக்க வேண்டும் என்றார். பயந்து ஒதுங்க ஒதுங்க பயம் வேர்விடும் என்று, தினமும் உன் அறையில் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லியிருக்கிறார். முதல் நாள் இரண்டு நிமிடம் தாங்கவில்லை. இந்தக் கடிதத்தை உன் மேசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

வீட்டை விற்றுவிட்டு வா என்பாய். வேண்டாம்மா, இப்போது வேண்டாம். அவனுக்கு இப்போது மாத்திரைக்குப் பதில் மாதம் ஒரு ஊசி. அவன் தூங்காமல் நடந்தாலோ, தனியாகப் பேச ஆரம்பித்தாலோ எங்களுக்குச் சொல்வதாக அவன் அம்மா ஒத்துக்கொண்டார்கள். மோட்டாரைப் பகலில் மட்டும்தான் போடுகிறோம். இனி அவன் ஏதாவது கேட்கிறது என்றால் வாதாடவும் மாட்டேன், ஆமாம் என்று தலையாட்டவும் மாட்டேன். "உனக்குப் பயமா இருக்கும்ல, அம்மாவைக் கூப்பிடட்டுமா?" என்று மட்டும் கேட்பேன். அடிக்கிற நிலைமை மறுபடி வந்தால் ஒருநாள்கூட இருக்கமாட்டோம். அப்பாவும் நானும் பேசி முடிவு செய்துவிட்டோம்.

நேற்று அவன் நம் வீட்டு வாசலுக்கு வந்தான். உடம்பு ஊதியிருக்கிறது, நடை மெதுவாகிவிட்டது. கேட்டருகே நின்று தலையைக் குனிந்தபடி, "அத்தை, பாப்பா நல்லா இருக்கா?" என்றான்.

"நல்லா இருக்காப்பா" என்றேன். உள்ளே வந்து தாழ்ப்பாளைப் போட்டேன். பிறகு வெகுநேரம் அழுதேன்.

அம்மா