சேர்ந்திசைப் பிள்ளைகள்: விட்ட மதிப்பெண்ணுக்கு மாற்று வேலை

வணக்கம் பெற்றோர்களே.

வெள்ளிக்கிழமை மழையில் ஜீவா சுரங்கப்பாதையைத் தாண்ட முடியாமல் ஒன்பது பிள்ளைகளால் சேர்ந்திசை பாடப் பள்ளிக்கு வர முடியவில்லை. சீருடையோடு வாசலிலேயே நின்ற ஒரு பிள்ளையின் போட்டோவைப் பார்த்து மனசு கேட்கவில்லை. மிஸ்ஸிடம் பேசிவிட்டேன்.

1. வராதவர்கள் தமிழ்த்தாய் வாழ்த்தைத் தனியாகப் பாடிப் பதிவு செய்யவும். மோகன ராகம், 55 விநாடி. இழுக்க வேண்டாம். ஃபேனை நிறுத்திவிடுங்கள், போன தடவை பாதிக் குரல் காற்றிரைச்சலில் போய்விட்டது.

2. கூடுதல் மதிப்பெண் வேண்டுமென்றால் பாட்டியிடம் ஒரு தாலாட்டு கேட்டு எழுதிப் பாடலாம். காசிமேட்டுத் தாத்தாக்களுக்கு வலை இழுக்கும் அம்பாப் பாட்டு தெரியும், விட்டுவிடாதீர்கள்.

3. கடைசி நாள்: வரும் சனி, மாலை 5 மணி.

யார் எதைச் செய்கிறார்கள் என்று பெயர், வகுப்போடு இன்றிரவுக்குள் பதில் போடுங்கள்.