பிடியாணை இல்லாத கைதும் எழுதப்படாத காரணமும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

போதைப்பொருள் சுற்றிவளைப்புகளில் பிடியாணையின்றிச் செய்யப்படும் கைதுகள் செல்லுமா என்று மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பலர் கேட்கின்றனர். ஐஸ் எனப்படும் மெதம்பெட்டமைன் போதைப்பொருள் எங்கள் பிள்ளைகளை அழிப்பதைக் கண்ணால் காண்பவன் என்பதால், பொலிஸாரின் கையைக் கட்டிப்போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 32ஆம் பிரிவு அந்த அதிகாரத்தை அவர்களுக்குத் தந்தே இருக்கிறது. ஆனால் நியாயமான முறைப்பாடோ, நம்பத்தகுந்த தகவலோ, நியாயமான சந்தேகமோ இருந்தால்தான் அது செல்லும். அந்தச் சந்தேகமும் சட்டைப்பையில் கை வைப்பதற்கு முன்னரே இருந்திருக்க வேண்டும். பொதி அகப்பட்ட பிறகு அதையே காரணமாகக் காட்ட முடியாது.

நீதிமன்றப் பதிவறையில் வேலை பார்த்த காலத்தில் இத்தகைய வழக்குகளின் அறிக்கைகளை நிறையவே வாசித்திருக்கிறேன். சந்தியில் முச்சக்கர வண்டியொன்று மறிக்கப்பட்டிருக்கும். 'தனியார் தகவலாளர் ஒருவர் வழங்கிய தகவலின் பேரில்' என்ற அதே வாக்கியம் அறிக்கைக்கு அறிக்கை வரும். வண்டி இலக்கமும் எடையும் மட்டுமே மாறியிருக்கும். தகவல் எப்போது கிடைத்தது, அதில் என்ன சொல்லப்பட்டது, அதை ஏன் நம்பினார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இராது. 2023 டிசம்பரில் பொலிஸாரின் 'யுக்திய' போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கை தொடங்கி ஆயிரக்கணக்கானோர் கைதானபோது எனக்கு இந்த அறிக்கைகள்தான் நினைவுக்கு வந்தன.

கைதாகும் எவருக்கும் காரணம் அறிவிக்கப்பட வேண்டும் என்று அரசியலமைப்பின் 13(1)ஆம் உறுப்புரை கூறுகிறது. 1951ஆம் ஆண்டிலேயே முத்துசாமி எதிர் கன்னங்கரா வழக்கில் நீதியரசர் கிரேஷன் இதனை வலியுறுத்தினார். தமிழ் மட்டுமே தெரிந்தவருக்குச் சிங்களத்தில் சொல்லிவிட்டு, சிங்களத்தில் எழுதிய தாளில் கையொப்பம் வாங்குவது காரணம் அறிவித்ததாகுமா?

கைப்பற்றலிலும் இதே கண்டிப்பு வேண்டும். நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் தொடர்பான 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின்படி 5 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட ஐஸுக்கு மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கப்படலாம். ஒரு கிராம் வித்தியாசத்தில் மனித உயிர் ஊசலாடும்போது, சந்தேக நபரின் கண் முன்னே பொருளை எடைபோட்டு, பொதியிட்டு, முத்திரையில் அவரது கைவிரல் அடையாளத்தைப் பதிப்பதும், அரசாங்கப் பகுப்பாய்வாளரிடம் சேரும்வரை அது எவரெவர் கையில் இருந்தது என்பதைப் பதிவதும் வெறும் சம்பிரதாயங்கள் அல்ல.

பலர் அறியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். சோதனை சட்டவிரோதமானது என்பதற்காக மட்டும் எங்கள் நீதிமன்றங்கள் சான்றைத் தள்ளிவிடுவதில்லை. ஆகவே பாதிக்கப்பட்டவருக்குள்ள முக்கிய வழி, உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மீறல் மனுச் செய்வதாகும். அதற்குள்ள அவகாசம் ஒரு மாதமே. விளக்கமறியலில் இருப்பவரின் குடும்பம் சட்டத்தரணிக்குப் பணம் தேடி முடிப்பதற்குள் அது கழிந்துவிடுகிறது. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அதன் விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் உள்ளன.

எமது மாகாணத்துக்குப் பொறுப்பான உயர் பொலிஸ் அதிகாரிகள், சோதனைக்கு முன்னரே காரணத்தை நேரத்துடன் குறிப்புப் புத்தகத்தில் எழுதவும், அதைத் தமிழில் சொல்லவும், கைப்பற்றிய பொருளின் எடை குறித்த பற்றுச்சீட்டை அவ்விடத்திலேயே வழங்கவும் எழுத்துமூலம் பணிக்க வேண்டும் என்று தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுதுவினைஞர்,
கல்முனை.