இலவச ஒளிபரப்புக்குப் பூட்டு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணைய இணைப்பும் சிம் கார்டும் இல்லாமலேயே கைபேசியில் தொலைக்காட்சி பார்க்க வழிசெய்யும் 'டி2எம்' தொழில்நுட்பம் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். பிரசார் பாரதியும் ஐஐடி கான்பூரும் முன்னெடுக்க, 2023-இல் பெங்களூரு, தில்லி, நொய்டா ஆகிய இடங்களில் முன்னோட்டச் சோதனை நடந்த திட்டம் இது. டேட்டா செலவு மிச்சமாவது பற்றியெல்லாம் விரிவாக எழுதியிருந்தீர்கள். ஆனால், அப்படி வந்து சேரும் நிகழ்ச்சியைப் பார்ப்பவர் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாமா, கூடாதா என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. டி2எம்-க்கு அடிப்படையான ஏ.டி.எஸ்.சி. 3.0 என்ற தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொழில்நுட்பத் தரநிலை அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே இந்தக் கேள்விதான் இன்று பெரும் சச்சரவாக இருக்கிறது.

எனக்கு இதில் அக்கறை வந்ததற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. என் தங்கை மகள் பேசிய பட்டிமன்றம் ஒன்று பொங்கலன்று தொலைக்காட்சியில் வந்தது. ஊரில் இருந்த என் தந்தையாரால் அன்று பார்க்க முடியாததால், செட்-டாப் பாக்ஸில் பென்டிரைவைச் செருகிப் பதிவு செய்தேன். அந்த ஐப்பசியில் இடி விழுந்து பாக்ஸ் பழுதாகிவிட, வேறொன்று மாற்றித் தந்தார்கள். புதிய பாக்ஸில் பென்டிரைவைப் போட்டால் நிகழ்ச்சியின் பெயர் தெரிகிறது, தேதி தெரிகிறது, ஓடும் நேரம்கூடத் தெரிகிறது. பொத்தானை அழுத்தினால் 'இயக்க இயலாது' என்று வருகிறது. கணினியிலும் திறக்கவில்லை. பாக்ஸ் மாற்றித் தர வந்திருந்த பையனிடம் கேட்டேன். "எந்த பாக்ஸ்ல ரெக்கார்டு பண்ணீங்களோ அதுல மட்டும்தான் சார் ஓடும். அதான் ரூல்ஸ்" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். பதிவு வசதியுள்ள செட்-டாப் பாக்ஸ்களில் நகலெடுப்புத் தடை ஏற்பாடு கட்டாயம் இருக்க வேண்டும் என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2017-ஆம் ஆண்டு விதிமுறைகளின் அட்டவணையில் ஒரு வரி இருக்கிறது. இதற்கு நேர்மாறாக, நாடாளுமன்றம் இயற்றிய 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 39-ஆவது பிரிவோ, ஒருவர் தம் சொந்த உபயோகத்துக்காகவோ கற்பித்தல், ஆய்வு ஆகியவற்றுக்காக மட்டுமோ ஒளிபரப்பைப் பதிவு செய்வது ஒளிபரப்பாளரின் உரிமையை மீறியதாகாது என்கிறது. 2012-இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவுகூட, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்குத்தான் 2 ஆண்டு வரை சிறை என்கிறது. ஆக, என் பென்டிரைவின் பூட்டை நான் திறந்தால் சட்டம் என்னைப் பிடிக்காது என்றே நினைக்கிறேன். சாவி எங்கே கிடைக்கும் என்பதைத்தான் சட்டம் சொல்லவில்லை.

கட்டணச் சேனல்களின் கணக்கு வேறு. காசு வாங்கிக்கொண்டு ஒப்பந்தத்தின் பேரில் தரும் படத்தைப் பூட்டி வைப்பதில் நியாயம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். பொது அலைக்கற்றையில் எல்லோருக்கும் இலவசமாக வரும் ஒளிபரப்புக்கு அதே பூட்டு எதற்கு என்பதே என் கேள்வி.

அமெரிக்காவில் இதை அரசே செய்யப் பார்த்தது. அந்நாட்டின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி., 2003 நவம்பரில் 'ஒளிபரப்புக் கொடி' என்ற விதியைக் கொண்டுவந்தது. ஒளிபரப்போடு சில பிட்டுகள் அளவுக்கு ஒரு குறியீடு சேர்ந்து வரும். 2005 ஜூலை 1-க்குப் பிறகு தயாராகும் டிஜிட்டல் தொலைக்காட்சிக் கருவி எதுவாயினும் அந்தக் குறியீட்டைக் கண்டு, நிகழ்ச்சி கட்டுப்பாடின்றி வெளியே பரவாதபடி தடுத்தாக வேண்டும். பாதுகாப்பு இல்லாவிட்டால் நல்ல படங்களை இலவச ஒளிபரப்புக்குத் தரமாட்டோம் என்பது ஹாலிவுட் ஸ்டுடியோக்களின் வாதம். இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களில் முன்னணியில் நின்றது அமெரிக்க நூலகச் சங்கம். நூலகராகவே பணி ஓய்வு பெற்றவன் என்பதால் அதைச் சற்றுப் பெருமையோடு குறிப்பிடுகிறேன். வாதத்தின்போது நீதிபதி ஹாரி எட்வர்ட்ஸ், இப்படியே போனால் அடுத்து சலவை இயந்திரங்களையும் ஒழுங்குபடுத்துவீர்களோ என்று ஆணையத்தின் வழக்கறிஞரைக் கேட்டார். 2005 மே 6 அன்று விதி ரத்தானது. ஒளிபரப்பு வந்து சேரும் வரைதான் ஆணையத்துக்கு அதிகாரம். வந்து சேர்ந்தபின் கருவி அதை என்ன செய்கிறது என்பதில் தலையிட நாடாளுமன்றம் அதிகாரம் தரவில்லை என்பது தீர்ப்பின் சாரம். கொடி இல்லாமலேயே 2009 ஜூனில் அந்த நாட்டின் முழுத்திறன் நிலையங்கள், அதாவது அதிக ஆற்றலில் ஒளிபரப்பும் நிலையங்கள், டிஜிட்டலுக்கு மாறின. படங்களும் நின்றுபோகவில்லை. செல்லாத அந்த விதியை ஏட்டிலிருந்து நீக்கவே 2011 ஆகிவிட்டது.

கதை அங்கே முடியவில்லை. 2017 நவம்பரில் ஏ.டி.எஸ்.சி. 3.0-க்கு அனுமதி தந்த அதே ஆணையம், இலவச ஒளிபரப்பைக் குறியாக்கம் செய்து பூட்டக் கூடாது என்று எங்கும் சொல்லி வைக்கவில்லை. பல நிலையங்கள் தாமாகவே பூட்டத் தொடங்கின. தனியார் அமைப்பு ஒன்றின் சான்றிதழ் இல்லாத கருவியில், கூரையில் ஆன்டெனா வைத்திருந்தாலும் அந்தச் சேனல்கள் தெரிவதில்லை. இது சரியா என்பதை ஆணையம் 2025 அக்டோபரில்தான் முறைப்படி கேள்வியாக முன்வைத்தது. முன்பு அரசு விதி போட்டுப் பூட்டப் பார்த்தது. இப்போது அரசு விதி போடாததால் பூட்டு விழுந்திருக்கிறது.

ஜப்பானில் 2004 ஏப்ரல் முதல் டிஜிட்டல் நிகழ்ச்சிகளை ஒரே ஒரு முறைதான் பதிவு செய்யலாம் என்று வைத்தார்கள். மக்கள் கட்டணம் செலுத்தும் பொது ஒளிபரப்பான என்.எச்.கே.வுக்கும் அதே கதிதான். எதிர்ப்புக்குப் பிறகு 2008 ஜூலையில் அதைப் பத்தாகத் தளர்த்தினார்கள்.

நம் நாட்டில் டி2எம் இன்னும் வீட்டுக்கு வந்துவிடவில்லை என்பதால், கருவிகள் கோடிக்கணக்கில் விற்றுத் தீர்வதற்கு முன்பே இதைத் தீர்மானிக்க நேரம் இருக்கிறது. இலவசமாக வரும் சேனல் எதையும் குறியாக்கம் செய்யக் கூடாது என்றும், 39-ஆவது பிரிவு அனுமதிக்கும் பதிவை எந்தக் கருவியும் தடுக்கக் கூடாது என்றும் உரிம விதிகளிலேயே எழுத வேண்டும். 2017 அட்டவணையில் உள்ள அந்த ஒற்றை வரியையும் கட்டணச் சேனல்களுக்கு மட்டும் என்று திருத்த வேண்டும். தகவல், ஒலிபரப்பு அமைச்சகம் இவ்விரண்டிலும் என்ன நினைக்கிறது என்பதைத் தங்கள் செய்தியாளர் வாயிலாகக் கேட்டு வெளியிட்டால் என் போன்ற வாசகர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்,
தஞ்சாவூர்.