பாயிலர்கார மாமாவுக்கு, ஃபின்ஸ்போங்லருந்து

ஏனுங் மாமா, நல்லாயிருக்கீங்ளா, அத்தைக்கு முட்டி வலி இப்ப எப்படி இருக்குதுங்க. போன்ல பேசறப்பல்லாம் "அங்க போயி என்ன கண்ணு பண்ற"ன்னு கேப்பீங்க, நான் ஏதோ சொல்ல ஆரம்பிப்பேன், அதுக்குள்ள பாயிலர் ஷிப்ட்டுக்கு ஆள் வந்துரும், கட் ஆயிரும். அதான் பொறுமையா எழுதறேன், டீ குடிக்கறப்ப படிங்க.

இந்த ஊரு ஃபின்ஸ்போங், ஸ்வீடன்ல ஒரு சின்ன ஊருங்க, நம்ம காங்கேயத்தை விட சின்னது. ஆனா டர்பைன் வேலை இங்க 1913லருந்து நடக்குது, யுங்ஸ்ட்ரோம்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரு ஆரம்பிச்சாங்க. அதுல தம்பி ஃப்ரெட்ரிக்தான் அனல் மின் நிலையத்துல பெரிய சக்கரமா சுத்தி, எரியறதுக்குப் போற காத்தை பொகைச் சூட்டுல சூடு பண்ணுமே ஏர் ப்ரீஹீட்டர், அதை கண்டுபிடிச்சவரு, நம்ம ராணிப்பேட்டை பெல்லுல செய்யறாங்களே அதேதான். நான் இருக்கறது இந்த ஊர்ல ஒரு சின்ன கம்பெனி, டர்பைனுக்கு ஹீட் எக்ஸ்சேஞ்சர், அதாவது ஒண்ணோட சூட்டை இன்னொண்ணுக்கு மாத்தி விடற பொட்டி, அதை டிசைன் பண்றதுதான் வேலை.

குளிரு சொல்லி மாளாதுங்க. டிசம்பர்ல மத்தியானம் மூணு மணிக்கே பொழுது விழுந்துருது, சாப்டு நிமிந்து பாத்தா இருட்டு. ஆனா வீட்டுக்குள்ள குளிராது, ஊருக்கே ஒட்டுக்கா ஒரு பிளாண்ட்ல தண்ணிய சூடு பண்ணி பூமிக்கடியில பைப்புல விடறாங்க, ஒவ்வொரு பில்டிங் கீழயும் ப்ளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஒண்ணு இருக்குது. மேனேஜரைக்கூட பேரு சொல்லித்தான் கூப்புடணும், எனக்கு இன்னும் வாயில வர மாட்டேங்குது, "ஏனுங்"னு ஒண்ணு சேத்துக்கலாமான்னு இருக்குது. வீட்டுக்குள்ள செருப்பு போட மாட்டாங்க, அது ஒண்ணு நம்மள மாதிரி. ஜூலை மாசம் யாரும் ஆபீஸ்ல இருக்க மாட்டாங்க, ஊரே நோம்பிக்கு போன மாதிரி காலி. பக்கத்துல நோர்ஷோப்பிங்னு ஒரு ஊரு, ஒரு காலத்துல பூரா மில்லு, ஸ்வீடனோட மான்செஸ்டர்னு பேரு, கோயமுத்தூருக்கு சொல்றாப்லயே. மில்லெல்லாம் மூடி இப்ப மியூசியமும் காலேஜுமா கெடக்குது. அங்க நின்னப்ப 2011ல கோர்ட்டு உத்தரவுல திருப்பூர் சாயப்பட்டறையெல்லாம் மூடுனாங்களே, நீங்க வீட்லயே உக்காந்துட்டு இருந்தீங்களே, அதுதான் ஞாபகம் வந்துச்சு.

செரி வேலைக்கு வரேன். உங்க எகனாமைசர் என்ன பண்ணுது, பொகை சும்மா போகாம அந்த சூட்டை வாங்கி பாயிலருக்குள்ள போற ஃபீட் வாட்டருக்கு குடுக்குது. இங்கயும் அதேதாங்க, தண்ணிக்கு பதிலா காத்து. இது ஸ்டீம் இல்ல, எரிஞ்ச பொகையே சுத்தி விடற கேஸ் டர்பைன், அதுல சின்னதுல காத்தை ஒரு நாலு மடங்கு அழுத்தறாங்க, அது 200 டிகிரி பக்கம் வருது, எரிஞ்சு சுத்தி முடிச்சு வெளிய போற பொகை 650 வரைக்கும் இருக்குது. அந்தப் பொகைய வெச்சு உள்ள போற காத்தை சூடு பண்ணிட்டா எரிபொருள் அவ்வளவு மிச்சம். இது இல்லாம சின்ன டர்பைன் எரிபொருள் சக்தியில 15 சதவீதம் பக்கம்தான் கரண்டா குடுக்கும், இது இருந்தா 30கிட்ட வரும், எரிபொருள் பாதிக்குப் பாதி மிச்சம். பெரிய டர்பைனுக்கு இது பிரயோஜனமில்ல, அங்க அழுத்தறதுலயே காத்து 400க்கு மேல போயிரும், பொகையில வாங்கறதுக்கு பெருசா மிச்சம் இருக்காது, அதனால பொகைய பாயிலருக்கு விட்டு ஸ்டீம் எடுத்துக்கறாங்க.

சூட்டை வாங்கறது கணக்குல ஒண்ணும் கஷ்டமில்லீங்க, இடம் இருந்தா எவ்வளவு வேணா வாங்கலாம். ஆனா 80 சதவீதம் சூடு வாங்கற பொட்டிய 90க்கு கொண்டு போகணும்னா பரப்பு ரெண்டு மடங்குக்கு மேல வேணும், 95 வேணும்னா கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு. வெல கூடும், எடை கூடும், காத்து நுழைஞ்சு வர்றதுல பிரஷர் வேற எறங்கும், எறங்குன பிரஷரு அத்தனையும் டர்பைனுக்கு நஷ்டம். அதனால 90 பக்கத்துல நிப்பாட்டிக்கறாங்க.

என்ற தலவலி பூரா அந்தப் பொட்டி நாள்பட உழைக்கறதுலதான். அதுக்குள்ள இருக்கற தகடு நோட்டு பேப்பர் கனம்தாங்க, 0.1 மில்லிமீட்டர், மடிச்சு மடிச்சு அடுக்கி ஓரத்துல வெல்டு. அது 40,000 மணி நேரம் ஓடணும்கறாங்க. 347ங்கற ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 650 டிகிரி வரைக்கும் தாங்கும்னு சொல்லுவாங்க, ஆனா பொகையில நீராவி இருக்குதுல்ல, அதுதான் எமன். ஸ்டீலை காப்பாத்தறது மேல இருக்கற குரோமியம் ஆக்ஸைடு, சூட்டுல நீராவி அதை ஆவியாக்கி கொஞ்சம் கொஞ்சமா கொண்டு போயிருது. கனமான பைப்புன்னா உள்ளருந்து குரோமியம் வந்து ஈடு கட்டும், தகட்டுல ஏது இருப்பு, தீந்த பொறவு இரும்பு மளமளன்னு அரிச்சுரும். அதுக்குத்தான் நிக்கல் தூக்கலா இருக்கற அலாய், இல்லைன்னா மேல அலுமினா, அதாவது அலுமினியம் ஆக்ஸைடு, படலம் கட்டற ஸ்டீலு, அலுமினாவ நீராவி அசைக்காது. எல்லாம் வெலைதான் பிரச்சனை, வாங்கறவன் டர்பைன் வெலைய கேட்டுத்தான் மயங்குவான்.

இன்னொண்ணு ஸ்டார்ட் பண்றது நிப்பாட்றது. தகடு நொடியில சூடாயிரும், சுத்தி இருக்கற ஃப்ரேம் சூடாக ரொம்ப நேரமாகும், ஒண்ணு விரிய ஒண்ணு விடாம இழுக்க நடுவுல வெல்டு கிழியும். நீங்க எப்பவும் பாயிலரை மெதுவா ஏத்துவீங்களே, அவசரப்படற சூப்பர்வைசரை திட்டுவீங்களே, அதேதான் இங்க கம்ப்யூட்டர்ல கணக்கு போட்டு பாக்கறோம். வெல்டு விட்டா உங்களுக்கு தண்ணி சொட்டும், தெரிஞ்சுரும். இங்க அழுத்தின காத்து பாட்டுக்கு பொகையில கலந்து போயிரும், மிஷின் ஓடிட்டேதான் இருக்கும், எரிபொருள் மட்டும் கூடும்.

பிரிட்டிஷ் நேவி டைப் 45ங்கற போர்க்கப்பல்கள்ல இந்த மாதிரி எக்ஸ்சேஞ்சர் வெச்ச டர்பைன் போட்டாங்க, வளைகுடா பக்கம் வெதுவெதுப்பான கடல்ல அந்த டர்பைன் தாங்காம கரண்டு போயி கப்பலே நின்னுருச்சு, இப்ப கூடுதலா டீசல் ஜெனரேட்டர் வெச்சு சரி பண்றாங்க. ஸ்வீடன் குளிர்ல ஓடறது ஈரோட்டு சித்திரையில ஓடுமான்னு எங்க டீம்ல நான்தான் கேட்டுட்டே இருக்கறேன், சிரிக்கறாங்க, கேக்கறதை விடப் போறதில்ல.

பிரபு அடுத்த மாசம் இங்க வர்றான்ல, அம்மாகிட்ட கொஞ்சம் மஞ்சப்பொடியும் கச்சாயமும் தாட்டி விடச் சொல்லுங்க. அப்பறம் எகனாமைசர் ட்யூப் மாத்தப் போறதா சொன்னீங்களே, கட் பண்ணின துண்டை பழைய இரும்புக்கு போட்டுராதீங்க, பொகை உள்ள வர்ற பக்கம் ஒண்ணு, வெளிய போற பக்கம் ஒண்ணு, எது எதுன்னு பெயிண்ட்ல எழுதி குடுத்து விடுங்க. வெறகு பொகை எப்படி அரிச்சிருக்குன்னு குறுக்க வெட்டி மைக்ராஸ்கோப்புல பாக்கணும். கழுவ வேண்டாங்க, அந்த சாம்பலோடவே வரட்டும்.